ஆப்ரிகாட் பருப்பு சாப்பிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவுப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். அதனால் சாப்பாட்டில் சந்தேகம் என்றால் சொந்தக்காரர்களும் நண்பர்களும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். அதில் திரும்பத் திரும்ப வருவது ஆப்ரிகாட் பருப்பு. "உடம்புக்கு நல்லதாமே" என்று ஒருவர் கேட்பார். "விஷமாமே" என்று அடுத்தவர் கேட்பார். சிலர் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பார்கள். வாயால் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட வார்த்தைகளிலேயே இருக்கின்றன.

ஆப்ரிகாட் பருப்புன்னா எது? காயவைச்சு விக்கறாங்களே, அந்தப் பழமா?

இல்லை. காயவைத்து விற்பது பழத்தின் சதை. அதன் நடுவில் மரத்துண்டு போலக் கெட்டியாக ஒரு கொட்டை இருக்கும். அதைத் தட்டி உடைத்தால் உள்ளே பழுப்புத் தோலோடு, பாதாமைவிடச் சிறிதாக, ஒரு முனை கூராக ஒரு பருப்பு வரும். நாம் பேசப்போவது அதைப் பற்றித்தான். புதுப் பழமோ காய்ந்த பழமோ, சதையைச் சாப்பிட ஒரு பயமும் வேண்டாம்.

பாதாம் மாதிரியேதானே இருக்கு? பாதாமை தினமும் சாப்பிடறோமே.

பார்க்க ஒன்றுபோல் இருப்பதில் ஆச்சரியமில்லை. பாதாம், ஆப்ரிகாட், பீச், பிளம், செர்ரி எல்லாமே புரூனஸ் என்ற ஒரே பேரினத்துச் செடிகள். பாதாமும் பிறவியில் சாது கிடையாது. காட்டு பாதாம் கசக்கும், விஷமும்கூட. கசப்புப் பொருளைச் செய்யச் சொல்லும் மரபணுக்களை இயக்கும் ஒரு சுவிட்சில் ஏற்பட்ட ஒரே ஒரு எழுத்துப் பிழைதான் பாதாமை இனிப்பாக்கியது என்று 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் பிழை இருந்த மரங்களை மனிதர்கள் பொறுக்கியெடுத்து, தலைமுறை தலைமுறையாக நட்டு வளர்த்தார்கள்.

ஆப்ரிகாட்டின் கதை வேறு. அதைப் பெரும்பாலும் சதைக்காகவே வளர்த்தார்கள். பழம் ருசியாக இருந்தால் போதும், உள்ளே இருக்கும் பருப்பு கசந்தால் என்ன, இனித்தால் என்ன? அதனால் இன்றும் கசப்புப் பருப்பு தரும் மரங்களும் இனிப்புப் பருப்பு தரும் மரங்களும் கலந்தே இருக்கின்றன. பாதாமை நம்புவது போல இதை நம்ப முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

அதுல சயனைடு இருக்குன்னு சொல்றாங்களே, நிஜமா? இல்ல சும்மா பயமுறுத்தறாங்களா?

நிஜம், ஆனால் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. பருப்பில் சயனைடு அப்படியே இருப்பதில்லை. அமிக்டலின் என்ற பொருளாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 1830-ல் ரோபிகே, பூத்ரோன்-ஷார்லார் என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் கசப்பு பாதாமிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அதை உடைக்கும் நொதியும் அதே பருப்பில்தான் இருக்கிறது, ஆனால் இரண்டும் தனித்தனி இடத்தில். பருப்பை மெல்லும்போது தடுப்பு உடைகிறது, எச்சில் ஈரத்தில் இரண்டும் சேர்கின்றன. அமிக்டலின் மூன்றாகப் பிரிகிறது: சர்க்கரை, பாதாம் வாசனை தரும் பென்சால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு. பூச்சியோ எலியோ கடித்தால் வாயிலேயே தண்டனை கொடுக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு இது. நாம் கடித்தாலும் அது ஆள் பார்ப்பதில்லை.

உள்ளே போன சயனைடு, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியில் இருக்கும் ஒரு நொதியைப் பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், செல்லால் அதை எடுத்துப் பயன்படுத்த முடியாது. முதலில் தவிப்பது மூளையும் இதயமும்.

இனிப்பு வகை, கசப்பு வகைன்னு ரெண்டு இருக்காமே. பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகத்தில் இருந்த எனக்கும் முடியாது. நிறம், அளவு, தோலின் சுருக்கம் எதுவும் உதவாது. சுவைதான் ஒரே துப்பு. நாக்கில் தைக்கிற மாதிரி கசப்பும், பாதாம் எசன்ஸின் தூக்கலான வாசனையும் வந்தால் அமிக்டலின் அதிகம் என்று அர்த்தம். உடனே துப்பிவிடுங்கள்.

ஆனால் சுவைச் சோதனை சொல்வது அந்த ஒரு பருப்பைப் பற்றி மட்டும்தான். ஒரே பொட்டலத்தில் பல மரங்களின் பருப்பு கலந்திருக்கும். பத்து இனிப்புக்குப் பிறகு பதினோராவது கசக்கலாம். உறையில் 'இனிப்பு' என்று அச்சடித்திருந்தாலும், உள்ளே ஒவ்வொன்றையும் யாரும் கடித்துப் பார்த்து அடைக்கவில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடலாம்? அதை மட்டும் சொல்லுங்க, போதும்.

எல்லோரும் கேட்பது இதைத்தான். நம்பி ஒரு எண்ணைச் சொல்ல முடியாததுதான் இந்தப் பருப்பின் பிரச்சினையே. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வேளையில் உள்ளே போகும் சயனைடு, உடல் எடையில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் வரம்பு வைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 1.2 மில்லிகிராம்.

இப்போது அரை கிராம் எடையுள்ள ஒரு கசப்புப் பருப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 5 சதவீதம் அமிக்டலின் இருப்பதாக வைத்துக்கொண்டால் 25 மில்லிகிராம். 1 கிராம் அமிக்டலின் முழுதாக உடைந்தால் சுமார் 59 மில்லிகிராம் சயனைடு வரும். ஆக, இந்த ஒரு பருப்பிலிருந்து ஏறக்குறைய 1.5 மில்லிகிராம். ஒன்றிலேயே வரம்பு தாண்டிவிட்டது. உயிரைப் பறிக்கக்கூடிய அளவு என்று அதே ஆணையம் குறிப்பிடுவது கிலோவுக்கு 0.5 முதல் 3.5 மில்லிகிராம் வரை. அதன் கீழ் எல்லையை வைத்துப் பார்த்தால் 60 கிலோ ஆளுக்கு 30 மில்லிகிராம், அதாவது இப்படிப்பட்ட 20 பருப்பு. ஒரு கைப்பிடிகூட வராது.

இதே பருப்பு நல்ல இனிப்பு வகையாக இருந்தால் 20 தின்றும் ஒன்றும் ஆகாமல் போகலாம். "நான் தினமும் பத்து சாப்பிடறேன், கல்லு மாதிரி இருக்கேன்" என்று ஒருவர் சொல்வதும், ஏழெட்டு தின்ற இன்னொருவர் தலைசுற்றி விழுவதும் இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். அவர்கள் தின்றது ஒரே பெயருள்ள வெவ்வேறு பொருள்கள்.

ஒரு இடத்துல ரெண்டு சாப்பிடலாம்னு போட்டிருக்கு, ஒரு இடத்துல மூணு, ஒரு இடத்துல தடைன்னே போட்டிருக்கு. எதை நம்பறது?

எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன. சிறிய பச்சை (அதாவது வறுக்காத, வேகவைக்காத) ஆப்ரிகாட் பருப்பு மூன்றுக்கு மேல் போனாலோ, பெரிய பருப்பில் பாதிகூட முடியும் முன்பேயோ வரம்பு தாண்டலாம் என்பது மேலே சொன்ன ஐரோப்பிய ஆணையத்தின் கணக்கு. பெரியவர்கள் கசப்புப் பருப்பு இரண்டுக்கு மேல் வேண்டாம், குழந்தைகள் தொடவே வேண்டாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் சொன்னது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2015 இறுதியில் பச்சைப் பருப்பின் சில்லறை விற்பனையையே நிறுத்தின.

ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்தது. மக்களுக்கு விற்கும் பச்சைப் பருப்பில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் சயனைடு இருக்கக் கூடாது என்றது. கனடாவும் அதே 20-ஐத்தான் எடுத்துக்கொண்டது. என் கணக்கில் வந்த கசப்புப் பருப்பு கிலோவுக்கு கிட்டத்தட்ட 3,000 மில்லிகிராம், அதாவது அந்த வரம்பைப் போல 150 மடங்கு. அதே நேரம் 20-க்குள் அடங்கும் பருப்பு என்றால் 60 கிலோ ஆள் 60 கிராம் தின்றால்தான் 1.2 மில்லிகிராமைத் தொடுவார். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். எத்தனை என்று எண்ணுவதைவிட, சோதித்த பருப்பா என்று கேட்பது நல்ல கேள்வி.

குழந்தைக்கு ஒண்ணே ஒண்ணு குடுத்தா என்ன ஆயிடும்?

கொடுக்காதீர்கள். முந்தைய கணக்கை 10 கிலோ குழந்தைக்குப் போடுங்கள். வரம்பு 0.2 மில்லிகிராம், ஒரு பருப்பில் ஏழில் ஒரு பங்கு. ஆபத்தின் கீழ் எல்லை 5 மில்லிகிராம், அதாவது மூன்று நான்கு பருப்பு. குழந்தை வாயில் போட்டுக்கொள்ள அது ஒரு நிமிஷ வேலை.

வறுத்தா விஷம் போயிடும்னு சொல்றாங்களே? ராத்திரி ஊறப்போட்டா?

இங்கே பலரும் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சூடு பட்டதும் முதலில் சாவது நொதி. பூட்டைத் திறக்கும் சாவி போய்விட்டது, பூட்டப்பட்ட அமிக்டலின் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. சாதாரண வறுவல் சூட்டை அது தாங்கும். சாவிதான் போய்விட்டதே என்று நிம்மதியாக இருக்க முடியாது, ஏனென்றால் நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களிடம் அதே மாதிரி சாவி உண்டு. வறுத்த பருப்பின் விஷம் மெதுவாக வெளியே வரலாம், வராமல் போகாது. வறுத்தால் கசப்பும் கொஞ்சம் மட்டுப்படுவதால் நாக்கின் எச்சரிக்கையும் மங்கிவிடுகிறது. என்னைக் கேட்டால் வறுப்பதில் இதுதான் மோசம்.

ஊறவைப்பதில் விஷயம் இருக்கிறது, ஏனென்றால் அமிக்டலின் தண்ணீரில் கரையும். தொழிற்சாலைகளில் கசப்பு எடுப்பது அப்படித்தான்: தோலை நீக்கி, வெந்நீரில் நீண்ட நேரம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஜெர்மனியில், பாதாமையும் சர்க்கரையையும் அரைத்துச் செய்யும் மார்சிபான் என்ற இனிப்பு விழுதுக்குப் பதிலாக ஆப்ரிகாட், பீச் பருப்பிலிருந்து செய்யும் பெர்சிபான் என்ற விழுது கசப்பெடுத்த பருப்பில்தான் தயாராகிறது. ஆனால் அங்கே கடைசியில் ஒரு சோதனை இருக்கிறது. வீட்டில் தோலோடு ஒரு ராத்திரி ஊறப்போட்டு, எவ்வளவு இறங்கியது, எவ்வளவு மீதி என்று எதை வைத்து அளப்பீர்கள்?

வேகவைச்சா ஆவியாப் போயிடாதா?

விடுபட்ட ஹைட்ரஜன் சயனைடு நன்றாகவே ஆவியாகும், அதன் கொதிநிலை 26 டிகிரிதான். ஆனால் அமிக்டலினாகப் பூட்டியிருப்பது ஆவியாகாது. முழுப் பருப்பைக் கொதிக்கும் நீரில் போட்டால் முதலில் நொதி போய்விடும், பிறகு பூட்டைத் திறக்க ஆளில்லை. கொஞ்சம் தண்ணீரில் இறங்கும், மீதி பருப்பிலேயே இருக்கும்.

பருப்பு எண்ணெய் வாங்கறேன், அதுலயும் இருக்குமா?

அமிக்டலின் தண்ணீரில் கரையும் பொருள், எண்ணெயோடு போகாது. பிழிந்தபின் புண்ணாக்கில்தான் அது தங்கும். அதனால் ஒழுங்காகச் சுத்திகரித்த எண்ணெயில் இந்தக் கவலை மிகக் குறைவு. தலைக்கும் தோலுக்கும் தடவுவதில் பிரச்சினை இல்லை. சமைப்பதற்கு என்றால், சாப்பிடுவதற்கானது என்று உறையில் எழுதியிருப்பதை வாங்குங்கள். புண்ணாக்கு மாவை மட்டும் 'புரதப் பொடி' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். எண்ணெய் போய், அமிக்டலின் செறிவாகி நிற்பது அதில்தான்.

சத்தே இல்லையா அப்போ?

இருக்கிறது. எடையில் பாதிக்குக் கிட்ட எண்ணெய், அதிலும் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே ஒலியிக் அமிலம். கிட்டத்தட்ட கால் பங்கு புரதம். நார்ச்சத்தும் உண்டு. இதெல்லாம் பாதாமிலும் கிடைக்கிறது. பாதாமில் கிடைக்காமல் இதில் மட்டும் கிடைக்கும் ஒரு சத்தை இதுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை. 'அதுதான் பி17' என்பார்கள். அடுத்த கேள்விக்கு வருவோம்.

பி17 வைட்டமின் இதுலதான் அதிகமாம். நம்ம உடம்புல அது குறையறதாலதான் கேன்சர் வருதாமே?

பி17 என்று ஒரு வைட்டமின் கிடையாது. வைட்டமின் என்றால் அது இல்லாமல் உடம்பு ஓடக் கூடாது, குறைந்தால் ஒரு நோய் வரவேண்டும், கொடுத்தால் அது சரியாக வேண்டும். சி குறைந்தால் ஸ்கர்வி, பி1 குறைந்தால் பெரிபெரி. அமிக்டலின் ஒரு துளிகூடச் சாப்பிடாமல் கோடிக்கணக்கானவர்கள் ஆயுள் முழுக்க வாழ்கிறார்கள். அது குறைந்ததால் வந்த நோய் என்று எதுவும் பதிவாகவில்லை.

பெயர் எப்படி வந்தது? 1950-களில் அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் கிரெப்ஸ் என்ற தந்தையும் அதே பெயருள்ள மகனும் அமிக்டலினைச் சார்ந்த ஒரு பொருளை 'லேட்ரைல்' என்ற பெயரில் புற்றுநோய் மருந்தாக முன்வைத்தார்கள். மருந்து என்றால் அது வேலை செய்கிறது, தீங்கில்லை என்று நிரூபிக்க வேண்டும். வைட்டமின் என்றால் சத்துப்பொருள் கணக்கில் போய்விடும். மகன்தான் பிறகு இதற்கு பி17 என்று பெயர் சூட்டியவர். இதே குடும்பம் 'பி15' என்று இன்னொன்றையும் விற்றது, அதுவும் வைட்டமின் இல்லை.

கேன்சர் செல்லை மட்டும் கொல்லும், நல்ல செல்லை விட்டுடும்னு ஒரு வீடியோல விளக்கமா சொன்னாரே?

விளக்கம் கேட்க அழகாகத்தான் இருக்கும். அமிக்டலினை உடைக்கும் நொதி புற்றுநோய் செல்லில் அதிகம், சயனைடை முறிக்கும் ரோடனேஸ் என்ற நொதி அங்கே குறைவு, ஆகவே விஷம் அங்கே மட்டும் வெடிக்கும் என்பார்கள். இது அளந்து பார்க்கக்கூடிய விஷயம், அளந்தும் பார்த்தார்கள். உடைக்கும் நொதி நல்ல செல்லிலும் புற்றுநோய் செல்லிலும் ஏறக்குறைய இல்லை என்ற அளவுதான். முறிக்கும் நொதி இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறது. வாயால் தின்ற அமிக்டலின் உடைவது பெரும்பாலும் குடலில், அங்கிருந்து சயனைடு ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறது. கட்டி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

சரி, ஆராய்ச்சியே பண்ணாம மறைச்சுட்டாங்கன்னு சொல்றாங்களே?

பண்ணினார்கள். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவில் மாயோ கிளினிக்கும் வேறு சில மையங்களும் சேர்ந்து 178 நோயாளிகளுக்கு அமிக்டலின் கொடுத்துப் பார்த்தன. லேட்ரைல்காரர்கள் சொன்ன மாதிரியே வைட்டமின்களும் உணவுக் கட்டுப்பாடும் சேர்த்தே. 1982-ல் முடிவு வந்தது. யாரும் குணமாகவில்லை, நோய் நிற்கவுமில்லை. சிகிச்சை முடிந்து ஏழு மாதத்துக்குள் எல்லோருக்கும் நோய் வளர்ந்திருந்தது. சிலர் ரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியது. பிறகு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பும் பலன் இருப்பதாக நம்பத்தகுந்த சான்று எதுவும் இல்லை என்றே சொன்னது.

ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் கடைசிக் காலத்தில் புற்றுநோய்க்காக மெக்ஸிகோவில் எடுத்துக்கொண்ட சிகிச்சைகளில் லேட்ரைலும் ஒன்று. 1980 நவம்பரில் அவர் இறந்தார். பணமும் புகழும் இருந்தவருக்கே கிடைக்காத மருந்து என்று இதைப் பற்றிச் சொல்ல முடியாது. அவருக்குத் தாராளமாகவே கிடைத்தது.

ஹுன்சா மக்கள் இதைத்தான் தின்னு 120 வயசு வரை வாழறாங்களாம். அவங்களுக்கு எப்படி ஒண்ணும் ஆகலை?

ஹுன்சா என்பது இன்றைய கில்கித்-பல்திஸ்தானில், மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தாக்கு. ஆப்ரிகாட் அங்கே முக்கியமான பயிர் என்பது உண்மை. பழம், காய்ந்த பழம், பருப்பு, எண்ணெய் எல்லாமே அவர்கள் உணவில் உண்டு. 120 வயசுக் கதைதான் நிற்காது. அந்தக் காலத்தில் அங்கே பிறந்த தேதியை எழுதிவைக்கும் வழக்கமே இல்லை. 1950-ஐ ஒட்டி அங்கே தங்கி மருந்தகம் நடத்திய அமெரிக்க நிலவியலாளர் ஜான் கிளார்க், மலேரியா, சீதபேதி, குடற்புழு என்று நோயாளிகள் வரிசையில் நின்றதை எழுதியிருக்கிறார். நோயே இல்லாத ஊருக்கு மருந்தகத்தில் அவ்வளவு கூட்டம் ஏன்?

பருப்பைத் தின்றும் அவர்களுக்கு ஒன்றும் ஆகாததற்கு இனிப்பு-கசப்புக் கேள்வியிலேயே விடை இருக்கிறது. காலங்காலமாக ஒரே மரங்களோடு வாழ்பவர்களுக்கு எந்த மரத்துப் பருப்பு கசக்கும் என்று தெரியும். பொட்டலம் வாங்கும் நமக்கு மரம் எது என்றே தெரியாது.

எங்க அம்மாவுக்கு கேன்சர். ட்ரீட்மென்ட் போயிட்டுதான் இருக்கு. கூட இதையும் குடுத்தா நஷ்டம் என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் நான் வேதியியல் பேசுவதில்லை. எதையாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு எனக்கும் தெரியும். ஆனால் நஷ்டம் உண்டு. ஏற்கெனவே வாந்தி, அசதி, சாப்பிட முடியாமை என்று இருப்பவருக்கு சயனைடும் அதே வாந்தி, அசதி, தலைசுற்றலைத்தான் கொடுக்கும். மருந்தின் பக்கவிளைவா, பருப்பின் வேலையா என்று மருத்துவரால் பிரித்துப் பார்க்க முடியாது. எடை குறைந்து, புரதம் போதாமல் இருக்கும் உடம்பில் சயனைடை முறிக்கத் தேவையான கந்தகச் சத்தும் குறைவாக இருக்கும்.

இன்னொன்று: இதோடு வைட்டமின் சி-யையும் பெரிய அளவில் சேர்த்துக் கொடுக்கச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. சயனைடை முறிக்க உடம்பு சேமித்து வைத்திருக்கும் சிஸ்டீன் என்ற கந்தகச் சத்தை அது குறைத்துவிடும், அதனால் விஷம் இன்னும் கடுமையாகலாம். ஏற்கெனவே கொடுக்க ஆரம்பித்திருந்தால் நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பயந்து மறைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

சீன வைத்தியத்துல இருமலுக்கு இதைக் குடுக்கறாங்களே, அது மட்டும் எப்படி?

உண்மைதான், சீன மரபு மருத்துவத்தில் கசப்புப் பருப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. அங்கே அதை மற்ற மூலிகைகளோடு, எடைபோட்டு, கஷாயமாகக் கொதிக்கவைத்து, சில நாளைக்கு மட்டும் கொடுப்பார்கள். அதில் நஞ்சு உண்டு என்பதை அந்த மரபே எழுதி வைத்திருக்கிறது. கைநிறைய அள்ளிப் பச்சையாக மெல்வதற்கு அதைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமில்லை.

ஆப்பிள் விதையிலயும்தான் இருக்கு, மரவள்ளிக்கிழங்குலயும்தான் இருக்கு. அதையெல்லாம் யாரும் தடை பண்ணலையே?

நல்ல கேள்வி. ஆப்பிள் விதையிலும் இதே அமிக்டலின் உண்டு. ஆனால் ஒரு பழத்தில் நாலைந்து சின்ன விதை, அதையும் யாரும் கிண்ணத்தில் போட்டு மென்று தின்பதில்லை. முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறும்.

மரவள்ளியில் இருப்பது லினமரின் என்ற அதன் உறவுக்காரப் பொருள். கிழங்கைத் தோல் சீவி, துருவி அல்லது ஊறவைத்து, நன்றாக வேகவைத்துச் சாப்பிடும் பழக்கம் அதனால்தான் வந்தது. பஞ்சத்தில் அந்தப் பக்குவத்துக்கு நேரமில்லாமல், கசப்பு மரவள்ளியையே வாரக்கணக்கில் தின்ற ஆப்பிரிக்கக் கிராமங்களில் கொன்சோ என்ற நோய் வந்து கால்கள் முடங்கிப் போயிருக்கின்றன. ஆக, அங்கேயும் விஷம் சும்மா விடவில்லை. பக்குவம் தெரிந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட்டுப் பழகிக்கிட்டா உடம்பு ஏத்துக்காதா?

ஏற்றுக்கொள்ளாது. ரோடனேஸ் நொதி சயனைடைக் கந்தகத்தோடு சேர்த்து தயோசயனேட்டாக்கிச் சிறுநீரில் அனுப்புகிறது. அந்த வேகத்துக்கு ஒரு உச்சம் உண்டு, பழகப் பழக அது கூடாது. தயோசயனேட்டும் முழுச் சாது இல்லை, தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், புகைபிடிப்பவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். புகையிலேயே ஒரு பங்கு சயனைடு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 67 வயதுக்காரர் ஒருவர் ஐந்து வருஷமாகத் தினமும் ஆப்ரிகாட் பருப்புச் சாறு எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சாதாரண அறுவை சிகிச்சையின்போதுதான் அவர் உடம்பில் சயனைடு அளவுக்கு மேல் சேர்ந்திருப்பது தெரியவந்தது. 2017-ல் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, நன்றாகத்தான் இருப்பதாக நினைத்திருந்தார்.

பொடியா, மாத்திரையா வருதே, அது அளந்துதானே போட்டிருப்பாங்க?

பொடி இன்னும் மோசம். மெல்லும் வேலையை ஆலையே முடித்துவிட்டது, ஒரு கரண்டியில் எத்தனை பருப்பு என்று தெரியாது, கசப்பைத் தேனிலோ பாலிலோ மறைத்துவிடலாம். சுத்தமான அமிக்டலின் மாத்திரைக்கு மேலே போட்ட கணக்கே போதும்: 500 மில்லிகிராம் மாத்திரையிலிருந்து அதிகபட்சம் 29.5 மில்லிகிராம் சயனைடு வரலாம். 60 கிலோ ஆளுக்கு நான் சொன்ன கீழ் எல்லை 30.

தெரியாம நிறைய தின்னுட்டாங்க. எப்போ பயப்படணும்?

உடனே. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், படபடப்பு, மூச்சு வேகமாவது, குழப்பம் என்று தொடங்கி வலிப்பு, மயக்கம் வரை போகலாம். சில நிமிஷத்திலும் தொடங்கலாம். குடலில் மெதுவாக உடைவதால் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். அதனால் 'இப்போ நல்லாத்தானே இருக்கான்' என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம், பாலோ மோரோ முறிவு மருந்தல்ல. அவசர ஊர்தியை அழைத்து, பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போய், எத்தனை தின்றார், எப்போது தின்றார் என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். காரணம் தெரியாவிட்டால் மருத்துவர் வேறு பத்து நோயைத் தேடிக்கொண்டிருப்பார்.

மருத்துவமனையில் முழு ஆக்சிஜனும், தேவைப்பட்டால் ஹைட்ராக்சோகோபாலமின் என்ற முறிவு மருந்தும் கொடுப்பார்கள். இது பி12 வைட்டமினின் ஒரு வடிவம். சயனைடைப் பிடித்துக்கொண்டு, தானே சாதாரண பி12 ஆக மாறிச் சிறுநீரில் சிவப்பாக வெளியேறும். இல்லாத பி17 செய்த வேலையை இருக்கிற பி12 வந்து சரிசெய்கிறது.

ஒரு பொட்டலம் வாங்கிட்டேன். தூக்கிப்போட மனசு வரலை. நட்டாவது வைக்கலாமா?

தாராளமாக முயலலாம், வறுக்காததாக இருந்தால். ஆனால் உடைத்து, உலர்த்தி, மாதக்கணக்கில் பொட்டலத்தில் கிடந்த பருப்பு முளைப்பது அதிர்ஷ்டம். பழம் வாங்கித் தின்றுவிட்டு, அதன் கொட்டையை நடுவது மேல். ஈர மணலில் புதைத்து, குளிர்பெட்டியில் இரண்டு மூன்று மாதம் வைத்து எடுத்தால்தான் குளிர்காலம் முடிந்தது என்று நினைத்து அது கண் விழிக்கும். காய்க்கும் மரமாக வேண்டுமானால் பிறகும் வருஷாவருஷம் நல்ல குளிர் வேண்டும். நடாமல் மீந்த பொட்டலத்தை, குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாதபடி மூடிக் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.